சாடை தெரியாதவள்

"எட்டுப் பாடம் எழுதிட்டு வந்திருக்க. ஒரு சாடை புரியல உனக்கு. என்ன படிப்புடி இது?"

அம்மா இதைக் கேட்டபோது எனக்குப் பதினேழு வயது. ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதுவும் நாக்கைக் கடித்துக்கொண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, பிறகு பஸ் ஏறி டவுனுக்குப் போய், சட்டையில் பள்ளிச் சின்னம் குத்திக்கொண்டு படித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால் அம்மா கேட்டது சுருக்கென்று தைத்தது. அம்மாவுக்குத் தெரிந்தது பாதிதான், மீதிப் பாதி இன்னும் மோசம் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதனால் இன்னும் ஆழமாகத் தைத்தது.

சாடை என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே கூரையின்கீழ் பத்து வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அந்தச் சுவர் கூரைவரை போகாது, மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அந்த வீட்டு மாமா கொட்டாவி விட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவும் வாயைத் திறப்பார். அப்படிப்பட்ட இடத்தில் வாயால் சொல்வதெல்லாம் பத்து வீட்டுக்கும் சொல்வதுதான். அதனால் உண்மையிலேயே முக்கியமானதை யாரும் வாயால் சொல்வதில்லை. பெரிய தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து "ஒரு கொத்து கறிவேப்பிலை இருக்கா?" என்று ஒருத்தி கேட்டால், அம்மாவின் கண் தட்டைத்தான் பார்க்கும். கறிவேப்பிலையோடு இரண்டு படி அரிசியும் போகும். அரிசி என்ற சொல் அங்கே எழவே எழாது. கேட்காதது கேட்டதாகவும் கொடுத்தது கொடுக்காததாகவும் ஆகிவிடும். அதற்குப் பெயர்தான் சாடை. "அவ சாடை தெரிஞ்சவ" என்பது எங்கள் லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற பெரிய பட்டம்.

எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. எட்டு வயதில் ஒரு நாள் விருந்தாளிகள் எதிர்பாராமல் வந்துவிட்டார்கள். சட்டியில் கோழி குறைவு. அம்மா என்னைப் பார்த்து, "உனக்குத்தான் வயித்து வலின்னியே கண்ணு" என்றார். நான் விருந்தாளிகள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்லையே, எனக்கு நல்லாப் பசிக்குது. கால் எனக்குத்தானே?" என்றேன். அந்தக் கோழிக்காலை லயம் இன்னும் மறக்கவில்லை.

இடைநிலைப்பள்ளியில் இந்தக் குணம் குறையாகாமல் திறமையாகிவிட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது, சுற்றி வளைக்காதே, எழுதியிருப்பதை ஒழுங்காகப் படி என்பார்கள். எனக்கு அதுதானே வரும்? மலாய் எழுத எழுத இனித்தது. லயத்தில் யாருக்காவது விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமென்றால், டவுன் கிளினிக்கில் பேச ஆள் வேண்டுமென்றால், என்னைத்தான் கூப்பிடுவார்கள். "எங்கடா நம்ம டீச்சர்?" என்று கிண்டலாகக் கேட்பார்கள். எனக்கு அது கிண்டலாகவே படாது.

பக்கத்து வீட்டு அத்தை என் சொந்த அத்தை இல்லை. ஆனால் அப்பாவைத் தம்பி என்பார், அம்மா அவரை அண்ணி என்பார், அந்தக் கணக்கில் அத்தை. நாற்பதைத் தாண்டியவர், நல்ல பருமன், பால்மரம் வெட்டுவதில் ஆண்களை முந்துவார். ஒரே மகள். அவளுக்குச் சித்திரையில் கல்யாணம் என்று கெர்லிங் ஊரில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள்.

தை மாதம் ஒரு காலையில் நல்ல மழை. மரம் நனைந்தால் வெட்ட முடியாது, வேலை நின்றுவிடும். அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டவுன் வரைக்கும் வர்றியா கண்ணு? வயித்துல ஒரே காத்து."

"எஸ்டேட் டிரசர்கிட்டயே மருந்து வாங்கலாமே அத்தை." டிரசர் என்றால் ஊசி போட்டு மருந்து கொடுப்பவர். தோட்டத்திலேயே ஒருவர் இருந்தார்.

"அவரு மருந்து கேக்க மாட்டேங்குது."

டவுன் கிளினிக்கின் வளாகத்தில் நுழைந்தவுடன் இடப்பக்கம் தாய்சேய்ப் பிரிவு. முன்னால் ஒரு மரமும் அதனடியில் பெஞ்சும். அத்தை அங்கே நின்றுவிட்டார்.

"கால் வலிக்குது. இங்க கொஞ்சம் ஒக்காருவோமா? காத்து நல்லா வருது."

"அத்தை, இது புள்ளத்தாச்சிங்க ஒக்கார்ற எடம். நம்ம எடம் அந்தப் பக்கம். போர்டுலயே எழுதியிருக்கு பாருங்க." பலகையை மலாயில் ஒரு முறை வாசித்து, தமிழில் ஒரு முறை சொல்லியும் காட்டினேன்.

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரிதான்" என்று அத்தை மெல்ல எழுந்தார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த டவுன் டிரசர் என்ன நோய் என்று மலாயில் கேட்டார். வயிற்றில் காற்று என்றேன். எத்தனை நாளாக?

"மூணு மாசமாச்சுன்னு சொல்லு" என்று அத்தை என் முகத்தைப் பார்த்தார். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். வாந்தி உண்டா? "காலையில மட்டும்." அதையும் சொன்னேன். டிரசர் பேனாவை நிறுத்தினார். அத்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அறிவியல் புத்தகத்தில் அதற்குக் கீழே கோடு போட்டுப் படித்திருந்தேன். ஆனால் என் அம்மாவைவிட மூத்தவரிடம், ஓர் ஆணின் முன்னால், தமிழில் அதை எப்படிக் கேட்பது? எந்தச் சொல்லால் கேட்பது? காதெல்லாம் கொதித்தது. அத்தையின் பக்கம் திரும்பாமலே, ஒழுங்காக வருகிறது என்று மலாயில் நானே பதில் சொல்லிவிட்டேன். டிரசர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"என்னமோ கேட்டாரே?" என்றார் அத்தை.

"சாப்பாடெல்லாம் சரியான்னு கேட்டாரு."

"ஓ."

ஒரு புட்டி வெள்ளை மருந்தும் கொஞ்சம் மாத்திரையும் கிடைத்தன. பஸ் நிலையத்தில் அத்தை எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்து, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேற ஒண்ணும் கேக்கலையா அவரு?" என்றார். இல்லை என்றேன். பஸ்ஸில் இன்னொரு முறை கேட்டார். ஈஜோக்கில் இறங்கும்போது மூன்றாம் முறை. வயசானால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எல்லாத்தையும் நான்தான் மலாய்ல சொன்னேன்" என்று பெருமையடித்தேன்.

அத்தை வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளிகள், எப்போதும் போல. நான்கு வாரம் கழித்து ஒரு நாள் அடுத்த நிரையில் இருந்த அம்மாவுக்கு வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் அத்தை பாலுக்கு நடுவில் கிடந்தார். சேலையில் ரத்தம். தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு மாதம், உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு, பிள்ளை இப்போதைக்குத் தங்கியிருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம்.

சட்டையில் பால் காய்ந்து ஒட்டியிருக்க, அம்மா வந்து என் முன்னால் நின்று கேட்டதுதான் முதலில் சொன்ன கேள்வி. அதோடு நிற்கவில்லை.

"மழை நாளாப் பாத்துப் போனாங்க. எஸ்டேட் டிரசர்கிட்ட போகல. கெழவிங்க யாரையும் கூப்பிடல, உன்னையக் கூப்பிட்டாங்க. மூணு மாசமாக் காத்துன்னாங்க. இதுக்கு மேல என்னடி சாடை வேணும்? தப்படிச்சுச் சொல்லணுமா?"

"எதுக்கு மறைக்கணும்? வாயால சொன்னா என்னவாம்?"

"மக கழுத்துல தாலி ஏறப்போவுது. மாப்ள வர்ற வீட்டுல மாமியா தொட்டில் கட்டிக்கிட்டு நின்னா அந்தக் கெர்லிங்காரவங்க என்னா பேசுவாங்க? வெக்கம் இருக்காதா?"

அந்த டிரசர் கேட்ட கேள்வியை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சாடை புரியாதது ஒரு குறை. கேள்வியையே விழுங்கியது வேறு. என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தப்பில்லை என்று பீற்றிக்கொண்டேனே, வேண்டிய ஒரே வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அந்தப் பிள்ளை தங்காவிட்டால்? அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமே வரவில்லை. அந்த அமைதிக்கு இந்தப் பக்கம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை திரும்பி வந்த அன்று மாலை சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது, பத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

"கண்ணு, புதன்கிழமை தாய்சேய் கிளினிக் போகணுமாம். நீதான் வரணும்."

அம்மா அண்ணாந்து, "இவளையா? மறுபடியுமா அண்ணி?" என்றார்.

"அவ வாயிதான் எனக்கு மலாய் வாயி."

புதன்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்த முறை மாமாவும் வந்திருந்தார். அவர் அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்யப் போன நேரத்தில் நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு டிரசர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை அத்தை, இதைத்தான் கேட்டார், நான் உங்களைக் கேட்காமலே பதில் சொன்னேன்.

அத்தை சிரித்தார். "தெரியும்."

"எப்படி?"

"அவரு என்னமோ கேட்டாரு, உன் காது ரெண்டும் செவந்துச்சு. சாப்பாட்டக் கேட்டா யாருக்குக் காது செவக்கும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை!"

"உன்கிட்ட எப்படிடி சொல்றது? நீயே பச்சப் புள்ள. நீ கேக்க வெக்கப்பட்டுட்டன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்புறம் நான் எப்படி வாயத் தெறக்கறது? அதான் வேற என்ன கேட்டாரு, வேற என்ன கேட்டாருன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். நீயா சொல்லுவேன்னு."

என் காதைப் பார்த்து அத்தை என்னைப் புரிந்துகொண்டார், என் வெட்கத்தைக் காப்பாற்றத் தன் உயிரையே பணயம் வைத்து வாயை மூடிக்கொண்டார். சாடை தெரியாதவள் நான் ஒருத்திதான். சாடை தெரிந்தவரோ மௌனமாகிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கேள்வி கேட்பாரற்றுக் கிடந்தது.

உள்ளே இருந்த மிசி ஒரு மலாய் அம்மாள். தாதியை நாங்கள் மிசி என்றுதான் சொல்வோம். முன்பு பெற்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு" என்றார் அத்தை. சொல்ல வாயெடுத்தேன். அப்போது அத்தையின் கால் கண்ணில் பட்டது. பெருவிரல் செருப்பின் வாரை அழுத்திக்கொண்டே இருந்தது, விடுவதும் அழுத்துவதுமாக. கறிவேப்பிலை கேட்க வந்தவளின் தட்டு ஞாபகம் வந்தது.

"மாமா, திரும்பற பஸ் எத்தன மணிக்குன்னு கொஞ்சம் பாத்துட்டு வர்றீங்களா?"

"இப்பதானே பாத்துட்டு வந்தேன்?"

"மாத்தியிருப்பாங்க மாமா. போய்ப் பாருங்களேன்."

தமிழ் தெரியாத மிசி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தானே கதவைச் சாத்தினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சாடை நம் லயத்துச் சொத்து மட்டும் இல்லை என்று.

கதவு சாத்தியதும் அத்தை சொன்னார். மகளைப் பெற்றபோது ரத்தம் நிற்கவே இல்லை, இரண்டு நாள் கண் திறக்கவில்லை. இந்த முறை போய்விடுவோமோ என்று தினமும் பயம். மாமா முன்னால் சொன்னால் அழுதுவிடுவார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு மிசி கேட்டதையெல்லாம் அத்தையிடம் கேட்டேன், மாதவிலக்கு எப்போது நின்றது, எவ்வளவு ரத்தம், என்ன நிறம் என்று. எனக்குத் தெரிந்த சொல்லால், தெரியாத இடத்தில் கையைக் காட்டி. காது சிவந்தது. சிவக்கட்டும் என்று கேட்டேன். மிசி அட்டையின் மேலே சிவப்பு மையில் எழுதினார். வாளி தூக்கக் கூடாது, வீட்டில் பிரசவம் கூடாது, ஆஸ்பத்திரியில்தான். அதை மூன்று முறை சொல்லச் சொன்னார். மூன்று முறையும் சொன்னேன். பஸ் நேரம் மாறவில்லை என்ற சேதியோடு மாமா திரும்பி வந்தார்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மண்டோரிடம் அம்மாவே போய்ப் பேசி அத்தைக்கு லேசான வேலை வாங்கிக் கொடுத்தார். என்ன சொல்லி வாங்கினார் என்று கேட்டேன். "இடுப்புப் பிடிப்புன்னேன். அவரு பொண்டாட்டி ரெண்டு புள்ள பெத்தவ, அவருக்குப் புரியாதா?" என்றார்.

சித்திரையில் கல்யாணம் வந்தபோது அத்தைக்கு ஆறு மாதம். பருமனான உடம்பு, அகலமான சேலை. லயத்துப் பெண்கள் அன்றைக்குச் செய்ததை நான் இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். கெர்லிங்காரர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவர்களுக்கும் அத்தைக்கும் நடுவில் யாராவது ஒருத்தி வந்து நின்றாள். அத்தை கையில் எடுத்த தட்டு இரண்டு அடிகூடப் போகவில்லை, இன்னொரு கை வந்து வாங்கிக்கொண்டது. "நீங்க பொண்ணோட அம்மா, ஒக்காருங்க, சீமாட்டி மாதிரி ஒக்காருங்க!" என்று ஒரு குரல் மிரட்டியது. ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நானும் ஒரு பெரிய பூத்தட்டோடு ஒரு மணி நேரம் அத்தைக்கு முன்னால் நின்றேன். கை விட்டுப்போனது.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு, அவர்கள் கொண்டுவந்த வரிசைத் தட்டுகளை அம்மாவும் அத்தையும் பிரித்தார்கள். பழம், வெற்றிலை, சேலை. கடைசித் தட்டில் துணிக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. பூண்டு, பெருங்காயம், சுக்கு, திப்பிலி, ஒரு கட்டிக் கருப்பட்டி. பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிக் கொடுக்கிற மருந்துக்கு உரிய சாமான், ஒன்று குறையாமல்.

அத்தை பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணி, உங்க சம்பந்தியம்மா நம்ம எல்லாரையும் வித்துட்டு வந்துருவா போல!"

ஆடி மாதம், ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை. ரத்தம் இந்த முறையும் நிற்க மறுத்ததாம். ஆனால் சிவப்பு மை பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். அத்தை பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். சுவருக்கு மேலிருந்து இப்போது அழுகைச் சத்தம், தாலாட்டு, கருப்பட்டி மருந்து வாசனை. எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை, யாரும் குறை சொல்லவில்லை.

அதற்குள் என் தேர்வு முடிவு வந்திருந்தது. எட்டிலும் தேறியிருந்தேன். தோட்டத்து ஆபிசில் கிராணி வேலை காலி என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் உட்கார்ந்து பேர் எழுதும் வேலை, நம் வீட்டிலிருந்து ஒரு கிராணி என்று அவருக்கு ஆசை. நான் தாதிப் பயிற்சிக்கான பாரத்தை வாங்கி வந்து நிரப்பி வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "மிசி வேலைக்கா? ஊர்ப் பொம்பளைங்ககிட்ட அந்தக் கேள்வியெல்லாம் நீ எப்படிடி கேப்ப? ஒரு கேள்விய முழுங்கிட்டு வந்தவதானே?"

திடுக்கிட்டேன். அத்தை சொல்லியிருக்கிறார். அம்மா இத்தனை மாதம் தெரிந்துகொண்டே என்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"உன் காதுதான் செவந்துருமே" என்றார் அம்மா, முறத்தைத் தட்டிக்கொண்டு.

"செவக்கும்மா. செவந்தாலும் கேப்பேன்."

"யோசிச்சுச் செய்யி. பாரத்த இன்னும் அனுப்பலதானே?"

அம்மாவின் கண் வாசல் பக்கம் போனது. அங்கே என் பள்ளிக்கூடச் சப்பாத்து கிடந்தது, பள்ளி முடிந்து ஏழு மாதம் ஆன பிறகும் புதிதாகச் செம்மண் ஒட்டிக்கொண்டு. அம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சுவருக்கு மேலிருந்து, தொட்டிலை ஆட்டுகிற சத்தத்தோடு, அத்தையின் குரல் வந்தது.

"அவ காலையிலயே ஏழு மணி பஸ்ஸுல போயிட்டு வந்துட்டா, தெரியாதா உனக்கு?"

ஆமாம். டவுனில், கோலசிலாங்கூர் தபால் நிலையத்தில் பாரத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ரசீது என் சட்டைப் பையில் இருந்தது.